மிசூலாவிலிருந்து சென்ட் லூயிஸ் வரை: 1,900 மைல் மிதித்த சிப்பாய்கள்

வெண்ணிறச் சுண்ணாம்புப் பாறைகள் படிக்கட்டுகள் போன்று அடுக்கடுக்காக அமைந்த ஒரு குன்று. அதன் தட்டுகளில் இராணுவச் சீருடையணிந்தவர்கள் தத்தம் துவிச்சக்கரவண்டிகளைப் பிடித்தபடி நிற்கின்றனர். அனைவரும் கறுப்பினத்தவர். 1896ஆம் ஆண்டு அமெரிக்காவின் யெலோஸ்ரோன் தேசியப் பூங்காவில், மினெர்வா மேடை எனப்படும் இடத்தில் எடுக்கப்பட்ட படம் இது. முதன்முதலில் இதைக் கண்டபோது பழைய துவிச்சக்கரவண்டி நிறுவனமொன்றின் விளம்பரப்படம் என்றே எண்ணிக் கடந்துபோனேன். பின்னர்தான் அதன் பின்னணியைத் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, படத்திலே தெரிந்த துவிச்சக்கரவண்டிகளைவிட அவற்றைப் பிடித்திருந்த மனிதர்களே மனதை நிறைத்தனர்.

நீண்டதூரத் துவிச்சக்கரவண்டியோட்டம் என்றதும் பெரும்பாலானோர் பிரான்ஸையே நினைப்பர். அதில் தவறில்லை. 1891ஆம் ஆண்டு பரிஸிலிருந்து பிறெஸ்ற் துறைமுகம் சென்று மீண்டும் பரிஸ் திரும்பும் ஏறத்தாழ 1,200 கிலோமீற்றர் ஓட்டத்தை சார்ள் ரெறொன் என்பவர் 72 மணித்தியாலங்களுக்குள் முடித்துப் புகழடைந்தார். அங்கே ஒரு மனிதன் கடிகாரத்தோடு போட்டியிட்டான். நான் இங்கு சொல்லப்போவது வேறுவகையான கதை. ஒரு குழுவாகப் பயின்று, ஒரு குழுவாகப் புறப்பட்டு, ஒருவரையொருவர் விட்டுச்செல்ல உரிமையில்லாத நிலையில் 1,900 மைல்களைக் கடந்த 20 சிப்பாய்களின் கதை. அவர்களுக்குப் பரிசுப் பதக்கம் எதுவும் காத்திருக்கவில்லை. அவர்களுள் ஒருவருக்கு ஒன்பது ஆண்டுகளின் பின் என்ன கிடைத்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அமெரிக்க உள்நாட்டுப் போரின் பின்னர், கறுப்பினத்தவருக்கென நான்கு படைப்பிரிவுகள் அந்நாட்டு நிரந்தர இராணுவத்தில் நிலைபெற்றன. 9ஆம், 10ஆம் குதிரைப்படைகளும் 24ஆம், 25ஆம் காலாட்படைகளுமே அவை. சிப்பாய்கள் கறுப்பர், அதிகாரிகள் ஏறத்தாழ அனைவரும் வெள்ளையர். ‘எருமைச் சிப்பாய்கள்’ என்ற பெயர் இவர்களுக்கு வழங்கியது. நகரங்களிலிருந்து எவ்வளவு தொலைவில் வைத்திருக்கலாமோ அவ்வளவு தொலைவில் இவர்களை வைத்திருந்தனர். 25ஆம் காலாட்படையின் ஒரு பகுதி 1888ஆம் ஆண்டிலிருந்து மொன்ரானா மாநிலத்தின் மலைகளுக்கிடையே மிசூலாக் கோட்டையில் நிலைகொண்டிருந்தது. செவ்விந்தியருக்கெதிரான போர்கள் ஓய்ந்துவிட்ட காலம். புகையிரத ஊழியர் வேலைநிறுத்தம் செய்தால் தண்டவாளங்களைக் காப்பது, சுரங்கத் தொழிலாளர் கிளர்ந்தால் அடக்கச் செல்வது என்பனவே எஞ்சிய வேலைகள். ஒடுக்கப்பட்டவர்களைக் கொண்டே வேறு ஒடுக்கப்பட்டவர்களை அடக்கும் அந்த ஏற்பாடு எல்லா நாடுகளிலும் உள்ளதுதான்.

இக்கோட்டைக்கு 1890களின் நடுப்பகுதியில் வந்துசேர்ந்தார் ஜேம்ஸ் மொஸ் என்ற இளம் லெப்டினன்ட். லூசியானாவில் பிறந்தவர். வெஸ்ற் பொயின்ற் இராணுவக் கல்லூரியில் 1894ஆம் ஆண்டு வெளியேறிய அணியில் கடைசி இடம் அவருக்குரியது. கடைசி இடத்தவருக்குப் பிறர் விரும்பாத இடமே எஞ்சும். தெற்கைச் சேர்ந்த வெள்ளையர் ஒருவர் கறுப்பினப் படைப்பிரிவுக்குப் போய்ச்சேர்ந்தது இவ்வாறே. ஆனால் மொஸ் துவிச்சக்கரவண்டிப் பித்தர். காற்றடைத்த ரயரும் சம அளவான இரு சில்லுகளும் வந்தபின் உலகெங்கும் துவிச்சக்கரவண்டி மோகம் தலைவிரித்தாடிய காலம் அது. ஐரோப்பியப் படைகள் தூதுவருக்கும் ஒற்றருக்கும் துவிச்சக்கரவண்டி வழங்கத் தொடங்கியிருந்தன. அமெரிக்கப் படைத் தளபதி ஜெனரல் நெல்சன் மைல்ஸும் அதில் நம்பிக்கை வைத்திருந்தவர். (பெயர்ப் பொருத்தத்தை நான் ஏற்படுத்தவில்லை.) குதிரைக்குப் புல்லும் தண்ணீரும் வேண்டும், அது கனைக்கும், இறக்கும். துவிச்சக்கரவண்டிக்கு இவை எதுவுமில்லை. இதுவே மொஸ்ஸின் வாதம். 1896இல் அனுமதி கிடைத்தது. ஸ்போல்டிங் நிறுவனம் வண்டிகளைக் கொடுத்துதவியது. இராணுவத்துக்குச் செலவில்லாத பரிசோதனை என்பதால்தான் அனுமதியும் எளிதில் கிடைத்திருக்க வேண்டும்.

கறுப்பினச் சிப்பாய்கள் பரிசோதனைப் பொருளாகப் பயன்படுத்தப்பட்டனரா என்ற கேள்வி இன்றும் எழுப்பப்படுகிறது. மொஸ் அங்கிருந்தார், அவரிடமிருந்த படை அதுவாக இருந்தது என்பது ஒரு விடை. தூரத்து மலைக்கோட்டையில் யாரும் பொருட்படுத்தாத சிப்பாய்களை வைத்து எதையும் செய்து பார்க்கலாம் என்று வாஷிங்டன் கருதியிருக்கலாம் என்பது மற்றொரு விடை. இரண்டும் ஒருங்கே உண்மையாயிருக்கத் தடையில்லை என்பதே என் எண்ணம். எவ்வாறாயினும் சிப்பாய்கள் தாமாக முன்வந்தவர்கள் என்பதை மறந்துவிடலாகாது. கோட்டை வாழ்வின் சலிப்பை அறிந்தவர்களுக்கு அதன் காரணம் விளங்கும்.

1896 யூலையில் எட்டுப் பேருடன் பயிற்சி தொடங்கியது. அந்தப் பயிற்சிமுறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் பின்னால் வந்த வெற்றியின் வேர் அங்குதான் உள்ளது. முதலில் அணிநடைப் பயிற்சியையே துவிச்சக்கரவண்டியில் செய்தனர். கட்டளைக்கு ஏறுவது, கட்டளைக்கு இறங்குவது, இருவர் இருவராகச் செல்வது, இடைவெளி குலையாமல் திரும்புவது. பின்பு நாளொன்றுக்கு 15 மைல் தொடக்கம் 40 மைல்வரை ஓட்டம். அதன்பின் தடைதாண்டல். ‘வேலி தாண்டு’ என்ற கட்டளை பிறந்ததும் முன்வரிசையினர் தம் வண்டிகளை வேலியில் சாத்தி, அவற்றின்மீது ஏறி அப்பால் குதிப்பர். பின்வரிசையினர் வண்டிகளைத் தூக்கிக் கொடுப்பர். பின்னர் தாமும் ஏறிக் குதிப்பர். ஒன்பது அடி உயரமான வேலியை 20 விநாடிகளில் கடக்குமளவுக்கு இதில் தேர்ந்தனர். ஆறு குறுக்கிட்டால், ஆழமில்லாத இடத்தில் உருட்டிச் செல்வர். ஆழமான இடத்தில் ஒரு தடியில் வண்டியைத் தொங்கவிட்டு, நம்மூரில் காவுதடி சுமப்பதைப்போல, இருவர் தோளில் சுமந்து கடப்பர்.

இவற்றுள் ஒன்றையேனும் தனியொருவரால் செய்ய முடியாது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒருவன் எவ்வளவு வேகமாக மிதிப்பான் என்பது மொஸ்ஸுக்கு முக்கியமாயிருக்கவில்லை. மெதுவாக மிதிப்பவனின் வேகத்தில் முழுக்குழுவும் எத்தனை மணித்தியாலம் தாக்குப்பிடிக்கும் என்பதே அவர் அறிய விரும்பியது. இன்று நீண்டதூர ஓட்டத்துக்குப் பயிலும் குழுக்கள் அனைத்தும் முதல் வாரத்தில் கற்றுக்கொள்ளும் பாடம் இதுவே. தொடக்கத்தில் விரைபவன் மாலையில் மற்றவர்களுக்குச் சுமையாவான்.

சுமை என்றதும் அவர்களது வண்டிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கைபிடியின் முன்னால் கம்பளிப் போர்வை, கூடாரத்தின் பாதி, மாற்று உள்ளாடை அடங்கிய சுருள். சட்டகத்தின் முக்கோண இடைவெளியில் உணவுப் பொருட்கள் அடங்கிய பெட்டி. பன்றி இறைச்சி, மாவு, கோப்பி, சீனி, தகரத்தில் அடைத்த அவரை. சமையற் பாத்திரங்களும் திருத்தும் கருவிகளும் பகிர்ந்து ஏற்றப்பட்டன. இவற்றோடு துப்பாக்கியும் தோட்டாக்களும். 1896ஆம் ஆண்டுப் பயணத்தில் சுமையேற்றிய வண்டியொன்றின் நிறை சராசரியாக 76 இறாத்தல். சிப்பாயின் சராசரி நிறையோ 148 இறாத்தல். அதாவது தன் உடல் நிறையில் பாதியை மலைமீது தள்ளினான்.

இதன் கடினம் எனக்கு ஓரளவு தெரியும். 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் எரிபொருளுக்குத் தடையிருந்தபோது விறகும் நெல்மூட்டையும், சிலவேளைகளில் நோயாளியும்கூட, துவிச்சக்கரவண்டியிலேயே சென்றன. பத்திரிகைக் கட்டுகளைக் கரியரில் ஏற்றி மிதித்தவர்களுள் நானும் ஒருவன். பின்னால் பாரம் கூடினால் முன்சில்லு நிலத்தைத் தேடும். முன்னால் கூடினால் கைபிடி நம் சொல்லைக் கேளாது. அதுவும் சமதரையில், பத்து மைல் தூரத்துக்குள். மொன்ரானாவின் மலைப்பாதையில் எப்படியிருந்திருக்கும் என்பதை நினைத்துப் பார்க்கலாம்.

ஓகஸ்ட் 6ஆம் திகதி முதற் பரீட்சை. வடக்கேயுள்ள மக்டொனால்ட் ஏரிக்குச் சென்று திரும்ப நான்கு நாட்கள், 126 மைல். மழையும் சேறும் வாட்டின. ஒரு வாரமும் கழியாமல், ஓகஸ்ட் 15ஆம் திகதி, யெலோஸ்ரோன் நோக்கிப் புறப்பட்டனர். போகவரச் சுமார் 800 மைல். செப்ரெம்பர் 8ஆம் திகதி கோட்டைக்குத் திரும்பினர். தொடக்கத்தில் நான் குறிப்பிட்ட படம் இப்பயணத்தில் எடுக்கப்பட்டதே. சுற்றுலாப் பயணிகள் வெந்நீர் ஊற்றுகளை விட்டுவிட்டு இவர்களை வேடிக்கை பார்த்தனராம்.

பெரும் பயணம் அடுத்த ஆண்டு. மிசூலாவிலிருந்து மிசிசிப்பிக் கரையிலுள்ள சென்ட் லூயிஸ் நகர்வரை 1,900 மைல். கிலோமீற்றரில் 3,000க்கும் மேல். நம்மவர்க்கு விளங்கச் சொல்வதானால், பருத்தித்துறையிலிருந்து தேவேந்திரமுனைவரை இலங்கையின் முழு நீளத்தையும் ஏழு தடவை கடக்கும் தூரம். மலை, பனி, சேறு, பாலைமணல், வெப்பம், தாழ்நிலம் ஆகிய அனைத்தும் ஒரே பாதையில் அமைந்திருந்தமையாலேயே மொஸ் அதைத் தேர்ந்தெடுத்தார். சுமார் 40 பேர் முன்வந்தனர். 20 பேர் தெரிவாயினர். 24 வயதிலிருந்து 39 வயதுவரையானோர். முன்னைய ஆண்டு சென்றவர்களுள் ஐவர் மீண்டும் வந்தனர். ஜோன் ஃபின்ட்லி என்ற சிப்பாய், படையில் சேருமுன் சிக்காகோவில் துவிச்சக்கரவண்டித் தொழிற்சாலையொன்றில் பணியாற்றியவர். குழுவின் திருத்துநர் அவரே. அவர் இல்லாவிட்டால் இப்பயணம் முதல் வாரத்தோடு முடிந்திருக்கும் என்று நான் துணிந்து சொல்வேன்.

வயதில் மூத்தவர் மிங்கோ சாண்டர்ஸ். தென் கரோலினாவைச் சேர்ந்தவர். 1881ஆம் ஆண்டு படையில் இணைந்தவர். சோடாப் போத்தலொன்று வெடித்ததில் ஒரு கண்ணின் பார்வை பெருமளவு பழுதுபட்டிருந்தது. 39 வயதில், ஒற்றைக்கண் பார்வையோடு, குழுவின் முதலாம் சார்ஜன்டாகச் சென்றார். இப்பெயரை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன்.

இவர்களுடன் ஜேம்ஸ் கென்னடி என்ற படை மருத்துவரும், மிசூலாப் பத்திரிகையைச் சேர்ந்த எட்வேட் பூஸ் என்ற நிருபரும் சென்றனர். பூஸுக்கு அப்போது வயது 19. அந்த வயதில் ஒரு நிருபருக்கு 1,900 மைல் நீளமான செய்தி கிடைப்பதை எண்ணி இந்த வயதிலும் எனக்குப் பொறாமையுண்டு. வழிநெடுக அவர் அனுப்பிய செய்திகள் நாடெங்கும் பத்திரிகைகளில் வெளிவந்தன. மொஸ்ஸின் அறிக்கையும் பூஸின் செய்திகளுமே இப்பயணம் பற்றிய நமது அறிவுக்குப் பெருமளவு ஆதாரம். இரண்டும் வெள்ளையரின் பேனையிலிருந்து வந்தவை. மிதித்த 20 பேர் தமக்குள் என்ன பேசிக்கொண்டனர், இரவில் நெருப்பைச் சுற்றியிருந்து எதைச் சொல்லிச் சிரித்தனர், மொஸ்ஸைப் பற்றி அவர் இல்லாத வேளையில் என்ன கூறினர் என்பவற்றுக்கு அந்த ஏடுகளில் இடம் மிகக் குறைவு. செய்தியாளன் யாருடன் அமர்ந்து உணவுண்கிறானோ அவர்களது கண்ணாலேயே உலகைக் காண்பான் என்பது நான் என் தொழிலில் காலங்கடந்து கற்றது.

1897 யூன் 14 அதிகாலையில் புறப்பட்டனர். இம்முறை வண்டிகளின் சில்லுவளையங்கள் உருக்கினாலானவை. முன்கவைகள் தடித்தவை. வெறும் வண்டி 32 இறாத்தல். சுமையேற்றினால் 59 இறாத்தல். துப்பாக்கியை முதுகில் தொங்கவிட்டு, இடுப்பில் 50 தோட்டாக்களைச் சுமந்தனர். உணவை இரண்டு நாட்களுக்கு மட்டுமே எடுத்துச்சென்றனர். ஏறத்தாழ 100 மைலுக்கு ஒன்றாகப் பாதையோர நிலையங்களில் உணவுப்பொதிகள் முன்கூட்டியே புகையிரதத்தில் அனுப்பி வைக்கப்பட்டிருந்தன. கணக்கு எளியது. நாளொன்றுக்கு 50 மைல் சென்றால் வயிறு நிறையும். சேற்றில் சிக்கி ஒருநாள் தாமதித்தால் மறுநாள் பட்டினி. குழுவின் வேகத்தை நிர்ணயித்தது மொஸ்ஸின் கட்டளையைவிட இந்தப் பட்டினிக் கணக்குத்தான்.

முதற் சில நாட்கள் மழை. அப்பகுதியின் களிமண் நனைந்தால் பசையாகிவிடும். ரயருக்கும் கவைக்கும் இடையில் அப்பிக்கொண்டு சில்லைச் சுழலவிடாது. சில அடி தூரத்துக்கு ஒரு தடவை நின்று தடியாலும் கத்தியாலும் சுரண்டினர். அதுவும் முடியாதபோது தண்டவாளத்தில் ஏறி, குறுக்குக்கட்டைகளின் மீது வண்டியை உருட்டினர். கட்டைக்குக் கட்டை குலுங்கிக் குலுங்கி மைற்கணக்கில் செல்வது கைகளுக்கும் முதுகுக்கும் என்ன செய்யும் என்பதை விவரிக்கத் தேவையில்லை. மூன்றாம் நான்காம் நாளில் பெருமலைத்தொடரின் நீர்ப்பிரிமுகட்டைக் கடந்தபோது யூன் மாதத்திலும் பனி கிடந்தது. பின்னர் பில்லிங்ஸ், செவ்விந்தியக் குரோ இனத்தவரின் நிலம், கஸ்ரரின் படை 1876இல் அழிந்த லிற்றில் பிக்ஹோர்ன் களம், வயோமிங் எனப் பாதை நீண்டது.

நெப்ராஸ்கா மணற்குன்றுகளில்தான் அவர்கள் உடைந்துபோகும் நிலைக்கு வந்தனர். 170 மைல் தூரத்தைக் கடக்க நாலரை நாட்கள் பிடித்தன. நிழலில் வெப்பம் 110 பாகை பரனைட். மணலில் சில்லு புதையும், மிதிக்க இயலாது, மீண்டும் தண்டவாளமே கதி. கிடைத்த நீர் காரநீர். அதைக் குடித்தவர்கள் வயிற்றுநோயால் துவண்டனர். மொஸ்ஸே நோயுற்று அலையன்ஸ் என்ற ஊரில் பின்தங்க நேர்ந்தது. குழு நிற்கவில்லை. அவர் பின்னரே வந்து சேர்ந்துகொண்டார். தலைவன் விழுந்தபோதும் அணி குலையாமற் சென்றதே முந்தைய கோடையில் வேலிதாண்டிப் பெற்ற பயிற்சியின் பயன் என்பேன். மொஸ் இல்லாத அந்நாட்களில் அணியின் முன்னால் மருத்துவர் இருந்திருக்கலாம். ஆனால் சிப்பாய்களை எழுப்பியதும், விழுந்தவனைத் தூக்கியதும், பின்தங்கியவனுக்குக் காத்திருந்ததும் யாராயிருக்கும் என்பதைப் படைவாழ்வை அறிந்தவர் ஊகிப்பர். எந்தப் படையிலும் அது சார்ஜன்டின் வேலை.

மிசூரி மாநிலத்தில் வீதி நன்று, மனிதர் வேறு. 1865வரை அடிமைமுறை சட்டபூர்வமாயிருந்த மாநிலம் அது. அடிமைகளாயிருந்தவர்களின் பிள்ளைகள் துப்பாக்கியேந்தி, அரசின் சீருடையில், வரிசையாக வந்துகொண்டிருந்தனர். சோளக்கொல்லைகளின் ஓரத்தில் நின்று பார்த்தவர்களின் மனதில் என்னென்ன ஓடியிருக்கும்!

யூலை 24ஆம் திகதி சென்ட் லூயிஸ். நகரத்துத் துவிச்சக்கரவண்டிக் கழகத்தினர் எதிர்கொண்டு அழைத்துவந்தனர். ஃபொறெஸ்ற் பூங்காவில் கூடாரமிட்டுத் தங்கிய அவர்களைக் காண ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். 41 நாட்கள், அவற்றுள் மிதித்தவை 34. நாளொன்றுக்குச் சராசரி 55.9 மைல், மணிக்கு 6.3 மைல். மணிக்கு 6.3 மைல் என்றதும் இளைஞர்கள் நகைக்கக்கூடும். நாளுக்கு ஏறத்தாழ ஒன்பது மணித்தியாலம், 59 இறாத்தல் வண்டி, கியர் மாற்ற வழியில்லாத ஒற்றைச் சங்கிலி, வீதி என்று பெயருக்குக்கூட எதுவுமில்லாத பிரதேசம் ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிடவும்.

பரிசோதனை வெற்றி என்று மொஸ் அறிக்கை எழுதினார். காலாட்படையைவிட விரைவு, குதிரைப்படையைவிடச் செலவு குறைவு. சென்ட் லூயிஸிலிருந்து சென்ட் போலுக்கு மிதித்துச் செல்ல அனுமதி கேட்டார், மறுக்கப்பட்டது. வண்டிகளை நிறுவனத்திடம் திருப்பி அனுப்பிவிட்டுப் புகையிரதத்தில் கோட்டைக்குத் திரும்பும்படி உத்தரவு வந்தது. 1898 பெப்ரவரியில் சான் பிரான்சிஸ்கோவுக்கு ஒரு பயணம் என்று விண்ணப்பித்தார், அதுவும் மறுக்கப்பட்டது. அதே மாதம் ஹவானா துறைமுகத்தில் ‘மெயின்’ என்ற போர்க்கப்பல் வெடித்தது. ஸ்பெயினுடன் போர் மூண்டது. துவிச்சக்கரவண்டிகளை எவரும் அதன்பின் நினைக்கவில்லை. 1898 ஏப்ரில் 10, உயிர்த்த ஞாயிறன்று 25ஆம் காலாட்படை மிசூலாவை விட்டுப் புறப்பட்டபோது ஊர்மக்கள் திரண்டு வழியனுப்பினர். யூலை 1ஆம் திகதி கியூபாவில் எல் கனே சண்டையில் அப்படை பங்குகொண்டது. பின்னர் பிலிப்பைன்ஸ்.

மொஸ் கேணல் தரம்வரை உயர்ந்தார். இராணுவக் கைநூல்கள் பல எழுதினார். முதல் உலகப்போரில் மற்றொரு கறுப்பினப் படைப்பிரிவை வழிநடத்தினார். 1941 ஏப்ரிலில் நியூயோர்க் வீதியில் மோட்டார் விபத்தொன்றில் இறந்தார். இன்னும் எட்டு மாதங்கள் உயிரோடிருந்திருந்தால் தாம் சொன்னது உண்மையானதை வேறு நாட்டுப் படையொன்றின் மூலம் அறிந்திருப்பார். அவ்வாண்டு டிசம்பர் 8ஆம் திகதி மலாயாவின் வடகரையில் இறங்கிய யப்பானியர் ஆயிரக்கணக்கான துவிச்சக்கரவண்டிகளில் தெற்கு நோக்கி விரைந்தனர். 1942 யனவரி முடிவில் ஜொகூர் முனையில் நின்றனர். பாலங்கள் தகர்க்கப்பட்ட ஆறுகளை வண்டிகளைத் தோளில் தூக்கிக் கடந்தனர். ரயர் வெடித்தால் வெறும் வளையத்தில் மிதித்தனர். அந்த ஓசையை இரவில் கேட்டவர்கள் தாங்கிகள் வருகின்றன என்று அஞ்சினர். மலாயப் புகையிரதத்தில் கடமையாற்றிய யாழ்ப்பாணத்தவரும் இறப்பர்த் தோட்டத் தமிழரும் அக்காலத்தில் அங்கு வாழ்ந்தவர்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் இதை வாசிக்கக்கூடும்.

இனி மிங்கோ சாண்டர்ஸ்.

1906 யூலையில் 25ஆம் காலாட்படையின் முதலாம் அணி ரெக்சாஸ் மாநிலத்தின் பிறவுண்ஸ்வில் நகருக்கு மாற்றப்பட்டது. நகரத்தவர் அவர்களை விரும்பவில்லை. ஓகஸ்ட் 13ஆம் திகதி நள்ளிரவை அண்மித்து நகரில் சில நிமிடங்கள் துப்பாக்கிச்சூடு நடந்தது. மதுச்சாலைப் பணியாளர் ஒருவர் கொல்லப்பட்டார். பொலிஸ் அதிகாரி ஒருவர் காயமுற்றுக் கையை இழந்தார். சிப்பாய்களே சுட்டனர் என்றது நகரம். சிப்பாய்கள் அவ்வேளையில் படைமுகாமிலேயே இருந்தனர் என்றனர் அவர்களது வெள்ளை அதிகாரிகள். ரெக்சாஸ் நடுவர் சபை விசாரித்தும் ஒருவர்மீதேனும் குற்றஞ்சாட்ட இயலவில்லை. யார் சுட்டது என்று காட்டிக்கொடுக்கும்படி சிப்பாய்கள் அனைவரும் வற்புறுத்தப்பட்டனர். எவரும் எதுவும் சொல்லவில்லை. சொல்வதற்கு எதுவும் இருக்கவில்லை என்றனர். மௌனமே சதி என்று தீர்மானிக்கப்பட்டது.

ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் 167 பேரை மதிப்பின்றிப் படைநீக்கம் செய்தார். நீதிமன்றம் இல்லை, இராணுவ மன்றும் இல்லை. நவம்பர் தேர்தலில் கறுப்பின வாக்குகள் அளிக்கப்படும்வரை அறிவிப்பு வெளியிடப்படவில்லை. நீக்கப்பட்டோரில் சாண்டர்ஸும் ஒருவர். 25 ஆண்டுகளுக்கு மேற்பட்ட சேவை. கியூபா, பிலிப்பைன்ஸ், மிசூலாவிலிருந்து சென்ட் லூயிஸ். ஓய்வூதியத்துக்கு மிகச் சில காலமே எஞ்சியிருந்தது. கியூபாவில் பசித்திருந்த ரூஸ்வெல்டின் குதிரைவீரருக்குத் தமது உலர் உணவைப் பகிர்ந்தளித்தவர் சாண்டர்ஸ் என்றும் சொல்லப்படுகிறது. மறுசேர்ப்புக்கு அவர் செய்த முயற்சிகள் பலிக்கவில்லை. செனற்றர் ஜோசப் ஃபொறேக்கர் இவர்களுக்காக ஆண்டுக்கணக்கில் வாதாடினார். 1910இல் விசாரணை மன்றொன்று 14 பேரை மட்டும் மீண்டும் சேரத் தகுதியுடையோர் என்றது. சாண்டர்ஸின் பெயர் அதில் இல்லை. வாஷிங்டனில் சிறிய அரச வேலையொன்றில் காலங்கழித்து 1929இல் இறந்தார்.

குழு என்பதன் மறுபக்கத்தை இங்கு காண்கிறேன். மெதுவானவனுக்காக அனைவரும் காத்திருந்து, விழுந்தவனை அனைவரும் தூக்கி, ஒன்றாகச் சேர்ந்து சென்ட் லூயிஸை அடையக் கற்றுக்கொடுத்த அதே இராணுவம், ஒருவரைக் காட்டிக்கொடுக்காவிட்டால் அனைவருக்கும் தண்டனை என்றது. யாரென்று தெரியாத ஒருவனின் குற்றத்தை ஓர் இனத்தார் அனைவர்மீதும் சுமத்துவதை நம்மில் பலர் நூலில் படித்து அறிந்தவர்களல்லர்.

1970இல் ஜோன் வீவர் என்பவர் பிறவுண்ஸ்வில் சம்பவத்தை மீளாய்ந்து நூலொன்றை வெளியிட்டார். அதன் விளைவாக எழுந்த கேள்விகளின் பின் 1972இல் இராணுவம் தன் முடிவை மாற்றி, 167 பேரும் மதிப்புடன் விலகியோர் எனப் பதிவுகளைத் திருத்தியது. 66 ஆண்டுகள் கடந்திருந்தன. பாதிக்கப்பட்டோரில் அப்போதும் உயிரோடிருந்தவர்களுள் ஒருவர் டோர்சி வில்லிஸ். மினியாபொலிஸில் சப்பாத்துத் துடைக்கும் தொழிலில் பல பத்தாண்டுகளைக் கழித்த முதியவர். 1973இல் அவருக்கு 25,000 டொலர் வழங்கச் சட்டம் இயற்றினர். இறந்தோரின் குடும்பங்களுக்கு நிலுவைச் சம்பளம் எதுவுமில்லை.

1974 கோடையில் மொன்ரானாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கறுப்பின மாணவர் குழுவொன்று மிசூலாவிலிருந்து சென்ட் லூயிஸ் வரை அதே வழியில் மிதித்துச் சென்றது. 2022இல், 125ஆவது ஆண்டு நிறைவின்போது, எரிக் செடெனோ என்பவர் தனியொருவராக அவ்வழியே சென்றார். மிசூலாக் கோட்டை இப்போது நூதனசாலையாக உள்ளது.